நடைவண்டி என்று சிரித்தார்கள்

செந்தூலில் எங்கள் வீட்டின் பின்புறம், சமையலறைக் கூரையை நீட்டிப் போட்ட இடத்தில், நான்கு மாதங்களாக ஒரு பழைய கடைசல் இயந்திரம் துண்டு துண்டாகக் கிடந்தது. பட்டறைக்காரர்கள் அதை லேத் என்பார்கள். ஜாலான் ஈப்போ பக்கம் ஓர் இரும்புப் பட்டறையை மூடினார்கள். முதலாளி சாமான்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இதையும் அதே எடைக் கணக்கில் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பெயர்த் தகட்டில் இங்கிலாந்து என்ற சொல் மட்டும்தான் படிக்கக்கூடியதாக இருந்தது. லோரியிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அக்காள் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏற்கெனவே ஒருவன் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறான், இதுவும் எதற்கு என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது தம் மகனை. எஸ்.பி.எம். முடிவு வந்த நாளிலிருந்து அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. தேர்ச்சிதான், ஆனால் அக்காள் நினைத்த தேர்ச்சி இல்லை. தொழிற்பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறேன் என்று அவன் சொன்னதும் அக்காள் அழுதார். அங்கே போவது படிக்காதவர்கள் என்பது அவர் எண்ணம். சொந்தக்காரர்கள் கேட்டால் பையன் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லி வந்தார். நான் எதுவும் பேசவில்லை. லேத்தைக் கழற்ற ஒரு கை வேண்டும், வா என்று மட்டும் அவனைக் கூப்பிட்டேன்.

முதல் நாளே மாட்டிக்கொண்டோம். தலைப்பகுதியை, அதாவது ஹெட்ஸ்டாக்கை, அடிப்படுகையோடு பிடித்து வைத்திருந்த நான்கு போல்ட்டுகளுக்கு எங்களிடமிருந்த எந்த ஸ்பேனரும் பொருந்தவில்லை. 23 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையவே இல்லை. 24 போட்டால் ஆடியது. கிளாங்கில் ஒரு தொழிற்சாலையில் கணினி இயந்திரத்தின் முன்னால் இருபத்து மூன்று ஆண்டுகள் நின்றவன் நான். ஆனாலும் ஒரு போல்ட்டின் தலை ஏன் இப்படி இரண்டு அளவுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

பரண் மேல் தாத்தாவின் மரப்பெட்டி இருந்தது. அவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் கடைசல்காரராக இருந்தவர். பெட்டியில் கறுத்துப்போன ஒரு ஸ்பேனர் கிடந்தது. அதில் அரை என்ற பின்னமும், பக்கத்தில் ஆங்கில எழுத்து டபிள்யூவும் அடித்திருந்தன. கையுறை போல அது போல்ட்டில் உட்கார்ந்தது. அந்த டபிள்யூ, விட்வொர்த் என்பவரின் பெயரைக் குறிக்கும். ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைகளுக்கு ஒரே அளவை வகுத்துக் கொடுத்த ஆங்கிலேயர். அவர் இளைஞராக வேலை செய்த பட்டறை எது என்று தேடிப் போனபோதுதான் ஹென்றி மாட்ஸ்லி என்ற பெயர் வந்தது. அதற்குப் பிறகு பகலில் லேத், இரவில் மாட்ஸ்லி என்று எங்கள் இருவருக்கும் பொழுது போனது.

மாட்ஸ்லி 1771ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள், லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஊல்விச்சில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் வண்டிச் சக்கரம் செய்பவர். போரில் காயம்பட்டுத் திரும்பி, ஊல்விச் ஆயுதக் கிடங்கில் பண்டகக் காப்பாளர் ஆனார். வீட்டில் ஏழு பிள்ளைகள். ஹென்றி ஐந்தாவது. 1780இல் தந்தை இறந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் பையன் அதே ஆயுதக் கிடங்கில் தோட்டாவுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலைக்குப் போனான். அந்தச் சிறுவர்களை வெடிமருந்துக் குரங்குகள் என்று கூப்பிடுவார்களாம். பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள அவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்துத் தச்சுக்கூடத்துக்கு மாற்றினார்கள். அவருக்கு மரத்தில் மனம் ஒட்டவில்லை. பக்கத்திலிருந்த கொல்லுப்பட்டறைக்கே அடிக்கடி நழுவிப் போய்க்கொண்டிருந்தார். பதினைந்து வயதில் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். இரும்பை அடிப்பதிலும் அரத்தால் இழைப்பதிலும் மூன்றே ஆண்டில் அவர் பெயர் ஊல்விச்சைத் தாண்டியது. ஆறடி இரண்டு அங்குல உயரம். பதினெட்டு அங்குல அரத்தைப் பிடித்தால் அவருக்கு நிகராக இழைக்க ஆளில்லை என்று பின்னாளில் அவரிடம் வேலை பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்போது லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் ஒரு பூட்டைக் கண்டுபிடித்திருந்தார். பிராமாவும் பெரிய வீட்டுப் பிள்ளையல்ல. விவசாயி மகன், காலில் அடிபட்டதால் தச்சு வேலைக்கு வந்தவர். அவருடைய பூட்டு அருமையான பூட்டு, ஆனால் அதைச் செய்யத்தான் ஆள் கிடைக்கவில்லை. உள்ளே இருக்கும் நுண்ணிய தகடுகளையும் வில்லையும் மயிரிழை பிசகாமல் செய்ய வேண்டும். ஊல்விச் பையனைப் பற்றி யாரோ சொல்ல, ஆளனுப்பி வரவழைத்தார். வந்து நின்றவருக்கு வயது பதினெட்டு. அந்தக் காலத்தில் ஏழாண்டு முறைப்படி தொழில் பழகிய சான்று இல்லாதவரைப் பட்டறையில் மற்றவர்கள் சேர்க்க மாட்டார்கள். பிராமா தயங்கினார். அங்கே தேய்ந்து கிடந்த ஓர் இரும்புப் பிடிப்பானைக் காட்டி, மாலை ஆறு மணிக்குள் இதைப் புதிது போல ஆக்கித் தந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று மாட்ஸ்லியே கேட்டதாகச் சொல்வார்கள். ஆறு மணிக்கு முன்பே வாய்ப்பகுதிக்கு எஃகு போட்டு, இழைத்து, பதமேற்றி வைத்துவிட்டார். சான்றிதழ் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

இந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது அக்காள் மகன் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் நான் எழுவதற்கு முன்பே பின்புறம் மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

பிராமா 1790இல் தம் பூட்டு ஒன்றை லண்டன் பிக்காடில்லியில் இருந்த கடையின் கண்ணாடிச் சன்னலில் வைத்தார். இதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு இருநூறு கினி பரிசு என்று எழுதியும் வைத்தார். அந்தப் பூட்டைச் செய்த கை மாட்ஸ்லியுடையது. அறுபது ஆண்டுக்கு மேல் எவராலும் திறக்க முடியவில்லை. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர்தான், பல நாட்களாக மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். பிராமாவும் மாட்ஸ்லியும் அப்போது உயிரோடு இல்லை.

பிராமாவின் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு நீரழுத்தப் பொறி. 1795இல் காப்புரிமை பெற்றது. சிறிய குழாயில் தண்ணீரை அழுத்தினால் பெரிய குழாயில் பல மடங்கு விசை கிடைக்கும். இன்று கார் தூக்கும் ஜாக்கி, குப்பை லோரி எல்லாவற்றிலும் இருப்பது இந்த விதிதான். ஆனால் முதற்பொறியில் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீறிட்டது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. நகரும்படி விட்டால் ஒழுகியது. மாட்ஸ்லி தோலைக் கிண்ணம் போல வளைத்து உள்ளே பொருத்தினார். தண்ணீரின் அழுத்தமே தோலை விரித்துச் சுவரோடு ஒட்ட வைத்தது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும், அழுத்தம் நின்றால் தளரும். ஒழுகும் தண்ணீரையே காவலுக்கு நிறுத்திய மாதிரி. எனக்கு அவர் செய்தவற்றிலேயே மிகவும் பிடித்தது இதுதான். பெயரும் பணமும் பிராமாவுக்குப் போயின.

அந்தப் பட்டறையிலேயே பிராமாவின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த சாராவை 1791இல் மணந்துகொண்டார். பிள்ளைகள் பிறந்தார்கள். பட்டறைத் தலைவராக உயர்ந்தார். சம்பளம் மட்டும் வாரத்துக்கு முப்பது ஷில்லிங்கில் நின்றது. எட்டாண்டு உழைத்த பிறகு, 1797இல், கொஞ்சம் கூட்டித் தரும்படி கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லி வெளியே வந்து ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்குப் பக்கத்தில் வெல்ஸ் தெருவில் ஒரு சிறிய இடத்தை வாடகைக்குப் பிடித்தார். முதல் வேலை ஓர் ஓவியருக்குப் பெரிய இரும்புச் சட்டம் செய்து கொடுப்பது. சில ஷில்லிங் கூட்டிக் கொடுக்காததால் பிராமா யாரை இழந்தார் என்பதை நினைத்தால், நான் வேலை செய்த இடத்து மேலாளர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். அது வேறு கதை.

இனி லேத்துக்கு வருகிறேன். மாட்ஸ்லிக்கு முன்பும் கடைசல் இயந்திரம் உண்டு. நம் ஊர்களில் பம்பரம் கடைந்தவர்கள் ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் உளியைப் பிடித்தார்கள். ஐரோப்பாவிலும் ஏறத்தாழ அப்படித்தான். இரும்பைக் கடையும்போதும் உளியைக் கையிலேயே பிடித்தார்கள். கை நடுங்கினால் பொருளும் நடுங்கும். காலையில் கடைந்தது போல மாலையில் வராது. மாட்ஸ்லி உளியைக் கையிலிருந்து பிடுங்கி ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கினார். அந்தத் தாங்கி நேரான இரும்புப் பாதையில் கைப்பிடித் திருகால் முன்னும் பின்னும் நகரும். பட்டறை ஆட்கள் அதைப் பார்த்து, மாட்ஸ்லியின் நடைவண்டி என்று கேலி செய்தார்களாம். தன் கையால் உளி பிடிக்கத் தெரியாதவனுக்குக் குழந்தை வண்டி என்று பொருள். லண்டனில் கைத்தேர்ச்சிக்குப் பெயர் போன ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது மரை. அந்தக் காலத்து நட்டையும் போல்ட்டையும் இன்றைய பிள்ளைகளால் கற்பனை செய்ய முடியாது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்று செய்த ஒரே ஒரு நட்டுதான் சேரும். கழற்றினால் இரண்டிலும் ஒரே குறி போட்டு வைக்க வேண்டும். குறி மாறினால் வேலை கெட்டது. மாட்ஸ்லி 1797 முதல் 1800 வரை செய்த லேத்துகளில் முழு உடலும் இரும்பு. படுகைக்கு இணையாக ஒரு நீண்ட மரைத்தண்டு ஓடும். பொருள் சுழலும்போது பற்சக்கரங்கள் வழியாக அந்தத் தண்டும் சுழலும். தண்டு சுழல, உளித்தாங்கி ஒரே சீராக நகரும். பற்சக்கரத்தை மாற்றினால் மரையின் நெருக்கம் மாறும். ஒரே சக்கரங்களைப் போட்டால் நூறாவது போல்ட்டிலும் அதே மரைதான்.

இவற்றில் எதையும் அவர்தான் முதன்முதலில் நினைத்தார் என்று சொன்னால் தவறாகிவிடும். நகரும் உளித்தாங்கி பிரான்சில் வோக்கான்சோன் செய்த லேத்தில் ஏற்கெனவே இருந்தது. மரை வெட்டும் லேத்தை லண்டனில் ஜெஸ்ஸி ரம்ஸ்டன் அவருக்கு முன்பே செய்திருந்தார். மாட்ஸ்லி இவற்றை ஒன்றாகச் சேர்த்து, நாள் முழுவதும் கனத்த இரும்பை வெட்டினாலும் அசையாத ஒரு பொறியாக ஆக்கினார். பட்டறைகள் எடுத்துக்கொண்டது அந்தப் பொறியைத்தான். அவருடைய முதல் லேத்துகள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் படத்தை எங்கள் லேத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். படுகை, தாங்கி, மரைத்தண்டு, பற்சக்கரம் எல்லாம் அதே இடங்களில் இருந்தன. தாத்தாவுக்கு முகம் போல.

கழற்றும் வேலையில் நாங்கள் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும். கைப்பிடித் தண்டில் ஒரு கூம்பு ஊசி இருந்தது. ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த பக்கத்திலிருந்துதான் அடித்து வெளியேற்ற வேண்டும். நான் பார்க்காமல் தடித்த பக்கத்தில் அடித்தேன். அது இன்னும் இறுகி, துளையிட்டு எடுப்பதற்கு ஒரு வாரம் போனது. தலைப்பகுதியைத் தூக்கியபோது கீழே வெற்றிலைக் காம்பை விட மெல்லிய பித்தளைத் தகடுகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. குப்பை என்று துடைக்கப் போனேன். அக்காள் மகன் கையைப் பிடித்துவிட்டான். எவரோ உயரத்தைச் சரி செய்ய வைத்த தகடுகள் அவை. தொலைத்திருந்தால் கடைசல் கூம்பாகவே வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்து, அட்டை கட்டி, எண் போட்டு வைத்தவனும் அவன்தான். கணக்கில் அவன் மட்டம் என்று பள்ளியில் சொன்னார்கள். 143 அட்டைகள். ஒன்றுகூட மாறவில்லை. நான்கு ஹெட்ஸ்டாக் போல்ட்டுகளில் ஒன்று மட்டும் துருவேறி முறிந்துவிட்டது.

வெல்ஸ் தெருப் பட்டறையின் சன்னலில் மாட்ஸ்லி தம் வேலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார். தெருவில் போன பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துத் தம் நண்பரிடம் சொன்னார். அந்த நண்பர் மார்க் இசம்பார்ட் புருனெல், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த பொறியாளர். அவர் ஒரு பொறியின் வரைபடத்தைக் கொண்டு வந்து, இது எதற்கு என்று சொல்லாமலே செய்து தரும்படி கேட்டார். அடுத்தடுத்து மேலும் படங்கள் வந்தன. கொஞ்ச நாளில் மாட்ஸ்லியே கண்டுபிடித்துவிட்டார், கப்பல் கப்பி செய்வதற்குத்தானே என்று. பாய்க்கப்பல் காலம் அது. பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் வேண்டும். எல்லாம் கையால் செய்தவை. போர்ட்ஸ்மவுத் கடற்படைத் துறைமுகத்துக்காக மாட்ஸ்லி 1802 முதல் ஏறத்தாழ ஆறாண்டில் 45 பொறிகளைச் செய்து கொடுத்தார். 1808இல் அங்கே ஓராண்டில் 1,30,000 கப்பிகள் வந்தன. தேர்ச்சி பெற்ற 110 பேர் செய்த வேலையைத் தேர்ச்சி இல்லாத 10 பேர் செய்தார்கள். ஒரே பொருளை ஆயிரக்கணக்கில், ஒன்றுக்கொன்று மாற்றாக, பொறிகளால் செய்த முதல் இடங்களில் இது ஒன்று.

அந்த நூறு பேர் வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள் என்று அக்காள் மகன் கேட்டான். புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. நான் வேலை செய்த தொழிற்சாலையிலும் பத்துப் பேர் நின்ற இடத்தில் கடைசியில் இரண்டு பேர்தான் நின்றோம் என்று மட்டும் சொன்னேன்.

புருனெலின் வேலை மாட்ஸ்லியை நிமிர்த்தியது. 1810இல் தேம்ஸுக்குத் தென்கரையில் லாம்பெத்தில் பெரிய பட்டறையைக் கட்டினார். 1815இல் தேம்ஸில் ஓடிய ரிச்மண்ட் என்ற படகுக்கு 17 குதிரைத்திறன் நீராவிப் பொறியைச் செய்தார். பிறகு கப்பல் பொறிகளே அந்தப் பட்டறையின் பெரிய தொழிலாகின. 1825இல் அதே புருனெல் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, மண் சரியாமல் தாங்கும் இரும்புக் கூடும் லாம்பெத்தில்தான் உருவானது.

ஆனால் அந்தப் பட்டறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டு சிறிய பொருள்கள். ஒன்று, 1805ஆம் ஆண்டளவில் அவர் செய்த மேசை மைக்ரோமீட்டர். அங்குலத்தைப் பத்தாயிரமாகப் பிரித்து அளக்கக்கூடியது. நாட்டின் தலைமை நீதிபதிப் பதவியின் பெயரால் லார்ட் சான்சலர் என்று அதைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் அளவில் சண்டை போட்டால் அதனிடம் கொண்டுபோவார்கள். அது சொன்னதற்கு மேல் முறையீடு கிடையாது.

மற்றது, ஒவ்வொரு தொழிலாளியின் மேசையிலும் அவர் வைத்த சமதளத் தகடு. தட்டையாக இருக்கிறதா என்று ஒரு தளத்தைச் சோதிக்க அதன் மேல் நீலச்சாயம் தடவித் தகட்டில் தேய்ப்பார்கள். மேடான இடங்களில் சாயம் மாறும். அங்கே மட்டும் சுரண்டுவார்கள். மறுபடி தேய்ப்பார்கள். அந்தத் தகடே தட்டை என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் போதாது, ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் அவை ஒட்டிக்கொள்ளும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றித் தேய்த்து, எந்த இரண்டும் முழுதாக ஒட்டினால்தான் மூன்றும் தட்டை. வேறு எந்த அளவுகோலும் தேவையில்லை. இந்த முறையை உலகமெங்கும் பரப்பியவர் விட்வொர்த். கற்ற இடம் லாம்பெத் பட்டறை என்று பலரும் கருதுகிறார்கள்.

நாங்களும் அதையே செய்தோம். எங்கள் லேத்தின் குறுக்குத் தாங்கி நடுவில் தேய்ந்திருந்தது. நீலச்சாயம் தடவித் தேய்த்துப் பார்த்தால் இரண்டு ஓரங்களில் மட்டும் நிறம் மாறியது. சுரண்டு உளியைப் பிடித்து மூன்று வாரம் உட்கார்ந்தான். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். எனக்குக் கண் பிடிக்கவில்லை. முதல் வாரம் நிறம் இங்கொன்றும் அங்கொன்றும் தெரிந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் தளம் முழுவதும் எறும்பு மொய்த்தது போலப் புள்ளிகள். அக்காள் தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, தளத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் உடனே போகவில்லை.

மாட்ஸ்லியிடம் வேலை கேட்டு வந்தவர்களில் ஜேம்ஸ் நாஸ்மித்தின் கதை இனிமையானது. 1829இல் எடின்பரோவிலிருந்து தந்தையோடு வந்தார். மாட்ஸ்லி அப்போது பணம் கட்டிப் பழகும் பையன்களைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் தொல்லை கொடுத்தார்களாம். நாஸ்மித் உலைச் சாம்பலைக் கூட்டும் வேலை கிடைத்தாலும் போதும் என்று கெஞ்சி, தாம் செய்த சிறிய நீராவிப் பொறியைக் காட்டினார். மாட்ஸ்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரைத் தம் சொந்த உதவியாளராகவே வைத்துக்கொண்டார். வாரம் பத்து ஷில்லிங். நீராவிச் சம்மட்டியை உருவாக்கிய நாஸ்மித் அவர்தான். ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஜோசப் கிளமென்ட், விட்வொர்த் என்று அடுத்த தலைமுறையில் இயந்திரம் செய்தவர்களில் பலர் இந்த ஒரு வாசலில் நுழைந்து வெளியே போனவர்கள். மாட்ஸ்லி தம் பட்டறைக்குள் போல்ட் அளவுகளை ஒரே முறையில் வைத்துக்கொண்டார். விட்வொர்த் அதை நாடு முழுவதற்குமாகச் செய்தார். தாத்தாவின் ஸ்பேனரில் இருந்த எழுத்து அங்கிருந்து புறப்பட்டது.

1831 சனவரியில் பிரான்சில் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கடல் வழியாகத் திரும்பும்போது மாட்ஸ்லிக்குக் குளிர் பிடித்தது. நான்கு வாரம் படுக்கையில் கிடந்து பிப்ரவரி 14ஆம் நாள் இறந்தார். வயது 59. பிறந்த ஊரான ஊல்விச்சிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறைச் சின்னம் வார்ப்பிரும்பில். அவரே வடிவமைத்தது, அவர் பட்டறையிலேயே வார்த்தது. அவர் மகன்களும் பங்காளி ஜோஷுவா ஃபீல்டும் தொழிலை நடத்தினார்கள். அந்த நிறுவனம் 19ஆம் நூற்றாண்டோடு முடிந்தது. பட்டறை இருந்த இடத்தில் இன்று லாம்பெத் நார்த் சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது.

அதைப் படித்தபோது எனக்கு நம் செந்தூல்தான் கண்ணுக்குள் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநில ரயில்வே இங்கே எழுப்பிய மத்தியப் பட்டறையில் எத்தனையோ தமிழர்கள் கொல்லர்களாக, கடைசல்காரர்களாக, பொருத்துநர்களாக இருந்தார்கள். 1945இல் நேச நாட்டு விமானங்கள் அதன் மேல் குண்டு போட்டபோது தாத்தா ஒரு கால்வாயில் படுத்துத் தப்பியதாகப் பாட்டி சொல்வார். பின்னாளில் பராமரிப்பு வேலைகள் பத்து காஜாவுக்குப் போயின. ரயில்வே நிலத்தில் இருந்த ஒரு பழைய கட்டடத்தில் 2005 முதல் கலையரங்கம் நடக்கிறது. நாடகம் பார்க்க வருபவர்கள் நல்ல செங்கல் சுவர் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். அங்கே எந்தத் தமிழர் என்ன அளவுக்கு எந்தப் பொருளைக் கடைந்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தாத்தாவைப் பற்றி எங்களிடம் இருப்பது ஒரு மரப்பெட்டி.

லேத்தைத் திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு போல்ட் குறைந்தது. முறிந்துபோன அந்த ஒன்று. அரை அங்குல விட்வொர்த், அங்குலத்துக்குப் பன்னிரண்டு மரை. கடைகளில் கேட்டால் எம் 12 தருகிறேன் என்றார்கள். மூன்று போல்ட்டிலேயே தலைப்பகுதியை நிறுத்தி, குறைந்த போல்ட்டை இந்த லேத்திலேயே வெட்டிவிடலாம் என்று அவன்தான் சொன்னான். எங்கள் மரைத்தண்டு அங்குலத்துக்கு நான்கு மரை கொண்டது. பன்னிரண்டு வேண்டும் என்றால், பொருள் மூன்று சுற்றுச் சுற்றும்போது தண்டு ஒரே சுற்றுச் சுற்ற வேண்டும். 20 பல் சக்கரமும் 60 பல் சக்கரமும் போட்டான். காகிதமும் பென்சிலும் இல்லாமல்.

முதல் போல்ட்டில் நட்டு இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது. சக்கரம் சரி, தண்டு சரி, எங்கே தவறு என்று ஒரு நாள் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் தாத்தாவின் பெட்டியில் அடியில் கிடந்த சிறிய தகடு ஒன்றை எடுத்தான். ஓரத்தில் ஒரு வெட்டு, பக்கத்தில் 55 என்று எண். இன்றைய மரையின் கோணம் 60 பாகை. நான் உளியை அந்தக் கோணத்துக்குத்தான் தீட்டியிருந்தேன். விட்வொர்த் மரை 55. உளியை மறுபடி தீட்டி, அந்தத் தகட்டின் வெட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். இடைவெளி தெரியவில்லை.

இரண்டாவது போல்ட்டை வெட்டி முடிக்கும்போது மாலை ஏழு மணி. பெட்டியிலிருந்து தாத்தா காலத்து நட்டு ஒன்றை எடுத்து வைத்தான். இரண்டு விரலால் சுழற்றினான். கடைசி வரைக்கும் போனது. கழற்றி, வேறொரு நட்டை எடுத்துப் போட்டான். அதுவும் போனது. அக்காள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்பயிற்சிக் கல்லூரிப் பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்று என்னிடம் கேட்டார். அவனிடமே கேள் அக்கா என்றேன்.

அவனுக்கு இப்போது மில்லிமீட்டர் மரையும் வெட்ட வேண்டுமாம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதனால் அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை சரியாக வர 127 பல் கொண்ட ஒரு சக்கரம் வேண்டும். எங்கள் சக்கரக் கட்டில் அது மட்டும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சான் சோவ் லின் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் தேடப் போகிறோம்.